சார்ஜாவிலிருந்து நாலு மணி நேரம்

“அப்பா போயாச்சு டே,” என்று போனில் அழுதாள் உலகம்மை. அவளுடைய மறுகையிலிருந்த கரண்டிப் பாலை அப்பா திரவியம் சத்தமில்லாமல் விழுங்கினார்.

போனை வைத்ததும் கேட்டார்: “நம்பினானா?”

“அழுதான். காலம்பற பிளேனுக்கு வாறானாம்.”

“சார்ஜா நாலு மணி நேரம்தான். நாகர்கோவில் போயிட்டு வாறதுக்கே அவ்வளவு ஆவும்.”

வலியசாலைத் தெருவில் எல்லோரிடமும் அவர் சொல்லிவந்த கணக்கு இது. மகன் தூரத்தில் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

நோய் முற்றியபின் தம்பியை அவள் பலமுறை கூப்பிட்டுவிட்டாள். “போன தடவை ஓடி வந்தேன், எந்திரிச்சு உக்காந்து தோசை தின்னாரு. உறுதியானா சொல்லு எக்கா,” என்றான் செல்வகணேஷ். பொய் அவளுடைய யோசனை. “நல்லா அழுது சொல்லு மக்களே,” என்று மட்டும் அப்பா சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் முகம் மழிக்கச் சொன்னார். “தேச்ச வேட்டி எடு. சவம் பாக்க வாறான், நல்லா இருக்கணும்லா.”

மதியம் ஆட்டோ நின்றது. வரும் வழியில் பழவங்காடியில் இறங்கி வாங்கிய ரோஜா மாலையோடு செல்வகணேஷ் உள்ளே வந்தான்.

“வாசல்ல ஒரு ஆளையும் காணோமே எக்கா...”

“வா மக்கா,” என்றார் கட்டிலில் இருந்தவர். “சாப்பிட்டியா?”

மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். பிறகு அக்காவை அடுக்களைக்குள் இழுத்துப் போனான். நடுவே ஒரு திரைச்சீலைதான்.

“உனக்கு வட்டு பிடிச்சிருக்கா?”

“உயிரோட உன்னப் பாக்கணும்னாரு. வேற எப்பிடி வருவே நீ?”

“அப்பா செத்தாச்சுன்னு கம்பெனில சொல்லி வெள்ளிக்கிழமை வரைக்கும் லீவு வாங்கியிருக்கேன். அதுக்கு ஒரு தடவைதான் தருவான். அடுத்த மாசம் நெசமாப் போனா என்ன சொல்லட்டும், இது ரெண்டாவது அப்பான்னா?”

“மெல்லப் பேசு டே.”

“டாக்டர் என்ன சொல்லுதாரு? வெள்ளிக்கிழமைக்குள்ள ஆயிருமா?”

உலகம்மை பாலை ஆற்றினாள்.

கரண்டியோடு அவள் திரும்பியபோது திரவியம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

“இன்னைக்கு என்ன கெழமை மக்களே?”

“புதன்.”

“சரி.”

அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. முகவாயைப் பிடித்துத் திறக்கப் பார்த்தாள், பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பால் தாடை வழியாகத் தலையணையில் இறங்கியது.

“தூங்குதாரா?” என்றான் செல்வகணேஷ், போனைப் பார்த்தபடி.

வியாழன் சாயங்காலம் மூச்சு அடங்கியது. வாய் திறந்துகொள்ளாமலிருக்கப் போடும் நாடிக்கட்டு கட்ட வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வாய்க்கரிசிக்கு மகனை முதலில் கூப்பிட்டார்கள். அவன் வைத்த அரிசி மூடிய உதட்டில் நிற்காமல் கழுத்துக்குச் சரிந்தது.

“கொஞ்சம் தெறந்து குடு எக்கா.”

உலகம்மை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சரிந்த அரிசியை அவன் விரலால் கூட்டி எடுத்து, மறுபடி வைத்துப் பார்த்தான்.