அடி நிற்கும் இடம்

செம்பியன் மாதிரி ஒரு பிடிவாதக்காரனை நான் பார்த்ததில்லை. சிதம்பரத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, பாடுகிறவர்களுக்கு இசை அமைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. அவன் கடலூர்ப் பக்கத்து ராப் பாடகன். இதுவரை பாடியதெல்லாம் கோபப் பாட்டு. இந்த முறை ஆட்டப் பாட்டு வேண்டும் என்று வந்து நின்றான். ஹவுஸ் என்கிற மேற்கத்திய ஆட்ட இசையில், நெஞ்சு துடிக்கிற மாதிரி ஒரே சீராக அடி விழ வேண்டுமாம்.

செய்தேன். நடுவில் வழக்கம்போல அடியை நிறுத்தி, கேட்கிறவர்களைக் கொஞ்சம் ஏங்கவிட்டு, மறுபடி விழவைத்தேன். இந்த மாதிரிப் பாட்டுக்கு உயிரே அந்த இடம்தான்.

"அடி நிக்கக் கூடாது, பிரிசில்லாக்கா," என்றான்.

"நின்னு வந்தாதான்டா ஆடுவாங்க."

"ஒரு எடத்துலயும் நிக்கக் கூடாது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப நீயே பண்ணிக்க," என்று ஹெட்போனைக் கழற்றி வைத்தேன்.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னான். அவன் ஊரில் அவர்கள் தெருவிலிருந்து கல்யாணமோ சாவோ எது கிளம்பினாலும் மேலத்தெரு வழியாகத்தான் போயாக வேண்டும். அந்தத் தெரு முனை வேப்பமரம் வந்ததும் மேளம் நின்றுவிடும். தெரு முடிகிற வளைவைத் தாண்டிய பிறகுதான் மறுபடி அடிப்பார்கள். இப்போது யாரும் வந்து மிரட்டுவதில்லை. அப்படியே பழகிப்போய்விட்டது.

"ஞாயித்துக்கெழம என் தங்கச்சி ரேகாவுக்குப் பொண்ணு அழைப்பு. அவ போறப்ப நிக்கக் கூடாதுக்கா. அதுக்குத்தான் இந்தப் பாட்டு."

எனக்குப் பயமாக இருந்தது. வம்பு வந்தால் கல்யாணம் என்ன ஆகும் என்று கேட்டேன். அவன் ஹெட்போனை எடுத்து என் கையில் கொடுத்தான். நடுவில் அடி நிற்கிற அந்த இடத்தை அழித்தேன்.

ஞாயிறு சாயங்காலம் நானும் போனேன். முன்னால் ஸ்பீக்கர் பெட்டிகள் ஏற்றிய வண்டி, பின்னால் திறந்த ஜீப்பில் ரேகா. பெட்டிகளுக்குப் பொறுப்பு கலைமணி. ஒரு காலத்தில் மேளம் அடித்தவர், இப்போது சவுண்ட் செட் வைத்திருக்கிறார். "நிக்காதுடா, நான் பாத்துக்கறேன்," என்று செம்பியனிடம் சொன்னார். செம்பியன் மைக்கைப் பிடித்துப் பாட, தெருவே ஆடிக்கொண்டு வந்தது.

வேப்பமரம் வந்தது. அடி நின்றது.

நான் செய்த பாட்டில் நிற்கிற இடமே கிடையாது. திரும்பிப் பார்த்தேன். கலைமணியின் விரல்கள் சவுண்டைக் குறைக்கிற திருகின்மேல் இருந்தன.

"நான் நிறுத்தலம்மா," என்றார். "கை நிறுத்திடுச்சி."

ஆடியவர்கள் கைகளை இறக்கிவிட்டார்கள். வாய் ஓயாத செம்பியனும் மைக்கைத் தாழ்த்திவிட்டான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மேலத்தெரு வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். பைக்கில் சாய்ந்திருந்த ஒருவன் நிமிர்ந்தான். ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கேட்டது.

டம்.

ஜீப்பின் கதவுத் தகரம். மாலையும் பட்டுப்புடவையுமாக ரேகா அதை உள்ளங்கையால் அறைந்தாள். டம். டம். டம். ஒரு வாரமாக வீட்டில் அந்தப் பாட்டையே கேட்டவள், வேகம் இம்மியும் தப்பவில்லை. கண்ணாடி வளையல் நொறுங்கி மணிக்கட்டில் ரத்தம் வந்தது.

"சவுண்ட வைங்க மாமா," என்றாள். "நான் என்ன ஓடிப்போறவளா, சத்தமில்லாம போறதுக்கு?"

கலைமணி திருகினார். பெட்டிகள் அதிர்ந்தன. பைக்கில் நிமிர்ந்தவன் அப்படியே நின்றான், கிட்டே வரவில்லை. செம்பியன் விட்ட வரியிலிருந்து எடுத்தான், குரல் உடைந்திருந்தது. வளைவு தாண்டும்வரை ரேகா அடிப்பதை விடவில்லை.

கல்யாணம் முடிந்து செம்பியன் என் அறைக்கு வந்தான். ஊர்வலத்தில் யாரோ செல்போனில் எடுத்த வீடியோவைக் கொடுத்தான்.

"நடுவுல அடிய நிறுத்துக்கா," என்றான். "அங்க இத வை."

நிறுத்தினேன். இப்போது அந்த இடத்தில் ரேகாவின் கை மட்டும் விழுகிறது. கூடவே வளையல் நொறுங்குகிற சத்தமும் இருக்கிறது. அதை நான் நீக்கவில்லை.