தலைப்பிரட்டைக் கொப்பி

என் மகள் யோகாவை அடுத்த வருஷமும் இரண்டாம் வகுப்பிலேயே வைத்திருக்கப் போகிறோம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது ஒரு வியாழக்கிழமை மத்தியானம். நான் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டு நின்றேன். டண்டினோங்கில் ஒரு ஜாம் தொழிற்சாலையில், ஓடி ஓடி வருகிற போத்தல்களுக்கு மூடி சரியாக இறுகியிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கும். சாவகச்சேரியில் ஒன்பது வருஷம் இரண்டாம் வகுப்புக்குப் படிப்பித்த பயிற்றப்பட்ட ஆசிரியைக்கு மெல்பேர்ண் கொடுத்த உத்தியோகம் அதுதான். என் சான்றிதழைப் பார்த்த வேலை பதிகிற கந்தோர்க்காரன் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

கடிதத்தில் கையெழுத்து வைத்திருந்தவள் யோகாவின் வகுப்பு ரீச்சர், மிஸ் கானர். உங்கள் மகள் எட்டு நாளாக ஓர் எழுத்தும் எழுதவில்லை, வாசிக்கச் சொன்னாலும் வாசிப்பதில்லை, ஏன் என்று கேட்டால் தலையை ஆட்டுகிறாள், ஆகவே திங்கட்கிழமை முதல் பின்னாலுள்ள அறைக்கு அவளை அனுப்புகிறோம், வருஷ முடிவில் வகுப்பேற்றமாட்டோம், கதைக்க விருப்பமென்றால் வெள்ளிக்கிழமை காலை வரலாம். இவ்வளவுதான். மூன்றாம் தவணை தொடங்கினால் அடுத்த வருஷப் பட்டியலைப் போடத் தொடங்கிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். பட்டியலில் ஒரு பெயர் ஏறிவிட்டால் அதை இறக்க யாருக்கும் மனம் வராது என்பதும் தெரியும்.

பின்னாலுள்ள அறை என்றது சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில் கட்டைகளின் மேல் தூக்கி வைத்த ஒரு மரக் கொட்டில். படிக்க முடியாத பிள்ளைகளை அதற்குள் விட்டுக் களிமண் உருட்டக் கொடுப்பார்கள். எனக்கு அது புதிதல்ல. சாவகச்சேரியில் என் வகுப்பிலும் கடைசி வாங்கு இருந்தது. மார்க்ஸ் பார்த்துப் பிள்ளைகளை இருத்தினவள் நான்தான். அந்த வாங்குக்குப் போன பிள்ளை திரும்ப முன்னுக்கு வந்ததை நான் பார்த்ததில்லை. அதனால்தான் எனக்குப் பத்தி எரிந்தது.

யோகாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாதாம். நாலு வயதில் பால்மாப் பேணியில் இருக்கிற எழுத்தெல்லாம் வாசித்த பிள்ளை. இங்கே வந்து இரண்டு வருஷத்தில் ஆங்கிலமும் தண்ணீர் பட்ட பாடு. அன்றைக்கு எட்டு மணித்தியாலமும் போத்தல்கள் என் முன்னால் ஓடின, எத்தனை மூடியில்லாமல் போனதென்று எனக்குத் தெரியாது. அந்த மிஸ் கானரை மனதுக்குள் நிற்கவைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டேயிருந்தேன். ஒரு கேள்விக்கும் அவளிடம் பதில் இருக்கவில்லை.

வெள்ளி காலை என் மனுசன் தேவராஜா தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கடிதத்தை வாசித்தார். அவர் அவசரப்படுகிற ஆள் இல்லை. அதுவே எனக்கு ஆத்திரம்.

"நீர் போய்ச் சண்டை பிடிக்காதையும், சத்தியபாமா. முதல்ல பிள்ளையை ஒருக்காக் கேட்டுப் பாரும்" என்றார்.

"நான் வாத்திச்சி. எனக்குப் பிள்ளையளைக் கேட்கத் தெரியும்" என்றேன்.

அவர் போட்டு வாறன் என்று சொல்லி வேலைக்குப் போனதும் யோகாவைக் குசினிக்குக் கூப்பிட்டேன். பள்ளிக்கூட உடுப்போடு வந்து நின்றாள். கோடு கீறுகிற அடிமட்டத்தைக் கையில் எடுத்தேன்.

"எட்டு நாளா ஏன் எழுதேல்லை?"

"அம்மா, நீங்கள்தானே…"

"எதிர்க்கதை கதையாதை. கையை நீட்டு."

நீட்டினாள். மூன்று அடி. மூன்றாவது அடிக்குக் கையைத் திருப்பிவிட்டாள், விரல் மொளியில் பட்டது. அழவில்லை. அவள் அழாதது எனக்கு இன்னும் கோபத்தைத்தான் கொடுத்தது. தலையை இழுத்துப் பின்னிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வழி முழுக்க வாட்டில் மரங்களின் பூ மஞ்சளாகக் கொட்டிக் கிடந்தது. எனக்குத் தும்மல்தான் வந்தது.

வகுப்பறையைப் பார்த்தபோது பாதிக் காரணம் அதிலேயே கிடைத்துவிட்டதாக நினைத்தேன். வரிசை இல்லை, வாங்கு இல்லை. தரையில் ஒரு கம்பளம், அதில் பிள்ளைகள் படுத்துக்கிடந்து படிப்பார்களாம். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஆட்டுக்குட்டிகள். யன்னலோரம் ஈரப் பஞ்சில் முளைத்த அவரை. நடுவில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி, அதற்குள் பச்சைத் தண்ணீர், தலைப்பிரட்டைகள். வசந்த காலம் வந்துவிட்டதென்று இந்த நாட்டுக்காரருக்கு இவ்வளவு ஆரவாரம். மிஸ் கானர் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு மேசையின் மேல் ஏறி இருந்தாள். ஆசிரியை மேசையின் மேல் இருப்பதை நான் அன்றுதான் கண்டேன். இருபத்துநாலு வயதுகூட இராது.

யோகாவை வெளியே நடைபாதையில் இருத்திவிட்டு உள்ளே போனேன். மணி அடிக்கக் கால் மணித்தியாலம் இருந்தது. மற்றப் பிள்ளைகள் மைதானத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"நான் ஒரு ஆசிரியை" என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். "எழுதத் தெரிந்த பிள்ளைக்கு எழுத்தை மறக்கப் பண்ணுகிற பள்ளிக்கூடத்தை நான் இப்போதுதான் பார்க்கிறேன். இங்கே படிப்பும் இல்லை, ஒழுங்கும் இல்லை. இது வகுப்பா, படுக்கையறையா?"

அவள் முகம் சிவந்தது. ஆனால் மேசையால் இறங்கவில்லை.

"உங்கள் மகளுக்கு எழுதத் தெரியுமென்று எனக்கு நிச்சயமில்லை" என்றாள். "இதுவரை அவள் டெஸ்பினாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். போன திங்களுக்கு முதல் திங்கள் பின்னேரம் டெஸ்பினாவை வேறு இடத்துக்கு மாற்றினேன். அடுத்த நாளிலிருந்து உங்கள் மகள் பென்சிலைத் தொடவில்லை. அவ்வளவு நாளும் பார்த்து எழுதியிருக்கிறாள் என்பதுதான் என் கணிப்பு."

"என் பிள்ளை கள்ளி என்கிறீர்கள்."

"படிக்க முடியாத பிள்ளை என்கிறேன். வாசிப்புச் சோதனையில் பூச்சியம். தெரியாதா என்று கேட்டேன், பேசாமல் இருந்தாள். நான் என்ன செய்ய?"

"உங்களுக்குப் படிப்பிக்கத் தெரியாதென்று ஒத்துக்கொள்ளலாம்."

அவள் இறங்கினாள். அலுமாரியைத் திறந்து ஒரு கொப்பியை எடுத்து என் முன்னால் எறியாத குறையாக வைத்தாள். "இது எங்கள் தலைப்பிரட்டைக் கொப்பி. தவணை தொடங்கின நாளிலிருந்து ஒவ்வொரு பிள்ளையும் தொட்டியைப் பார்த்துத் தினமும் இரண்டு வரி எழுத வேண்டும். நீங்களே பாருங்கள், ஆசிரியை அம்மா."

நான் புரட்டினேன். யோகாவின் கையெழுத்து, நான் பழக்கிய குண்டு எழுத்து. முட்டை கறுப்புப் புள்ளிபோல் இருக்கிறது. வால் வந்துவிட்டது. ஒன்று மற்றதைக் கடிக்கிறது. திகதி போட்டு, அடிக்கோடு கீறி, பக்கம் பக்கமாக இருந்தது. பிறகு வெறும் தாள். கடைசியாக எழுதியிருந்த நாள் ஒக்ரோபர் ஒன்பது, திங்கட்கிழமை. இவளை உண்டு இல்லையென்று ஆக்கிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

செவ்வாய்க்கிழமை சரஸ்வதி பூசை.

அன்று காலை யோகாவை முழுக வார்த்து, அவளுடைய பள்ளிக்கூடப் பையைப் புத்தகம் பென்சிலோடு அப்படியே சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தவள் நான். எங்களுக்கு அன்றைக்குப் படிப்பு இல்லை. புத்தகங்கள் பூசையில் இருக்கும். விசயதசமி காலையில் தாயோ தகப்பனோ புத்தகத்தை எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்து, இரண்டு வரி வாசிக்கவைத்து, ஒரு எழுத்து எழுதவைத்துத்தான் திரும்பத் தொடங்குவது. பிள்ளையை வீட்டில் மறித்திருக்கலாம். அதற்குப் பள்ளிக்கூடத்துக்குக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும், எனக்கு வெட்கமாக இருந்தது. சாப்பாட்டுப் பெட்டியை மட்டும் கொடுத்து அனுப்பினேன். அனுப்பும்போது சொன்னேன்: "நான் எடுத்துத் தருமட்டும் ஒரு எழுத்தும் எழுதக் கூடாது, வாசிக்கக் கூடாது. மீறினால் படிப்பு உன்னை விட்டுப் போயிடும்."

அடுத்த நாள் விசயதசமிக்கு நான் வீட்டில் இல்லை. வேலைக்கு ஆள் காணாதென்று தொழிற்சாலையில் விடியக் காலமே கூப்பிட்டார்கள், ஓடினேன். பையைப் படத்தடியிலிருந்து எடுத்துப் பிள்ளையின் தோளில் மாட்டிவிட்டது தேவராஜா. வேலைக்குப் போகிற நேரத்தில் அவர் வேறொன்றும் செய்திருக்கமாட்டார். நானும் கேட்கவில்லை. நான் எடுத்துக் கொடுக்கவேயில்லை.

கொப்பியை மூடினேன். திரும்பத் திறந்து அந்தத் திகதியைப் பார்த்தேன். அதை அவள் கண்டுவிட்டாள்.

"என்ன?" என்றாள்.

சொல்லாமல் விடலாம் என்றும் ஒரு கணம் நினைத்தேன். இவளுடைய பிழை என்றே இருக்கட்டும், வேறு பள்ளிக்கூடம் பார்க்கலாம் என்று. ஆனால் திங்கட்கிழமை அந்த மரக் கொட்டிலுக்குள் போகப்போவது நானல்ல. சொன்னேன். பூசையையும் புத்தகத்தையும் தடையையும் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல எனக்கே அது விசர்க்கதையாகக் கேட்டது.

அவள் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "பள்ளி நாளில் பிள்ளையிடம் வாசிக்காதே என்று சொன்னீர்கள். பிறகு வாசி என்று சொல்ல மறந்தீர்கள். நீங்கள் ஆசிரியை."

"ஓம்" என்றேன். அந்த ஒரு சொல் தமிழில்தான் வந்தது.

"அவளைக் கூப்பிடுங்கள்."

யோகா வந்து கதவடியில் நின்றாள். "ரீச்சர் கேட்கேக்கை ஏன் சொல்லேல்லை?" என்று தமிழில் கேட்டேன்.

"வீட்டிலை செய்யிறதைப் பள்ளிக்கூடத்திலை சொல்லக் கூடாதெண்டு சொன்னனீங்கள். சிரிப்பினம் எண்டு." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அப்பா பையைத் தந்தவர். நீங்கள்தான் தரவேணுமெண்டு நான் பாத்துக்கொண்டிருந்தனான்."

எட்டு நாள். அந்தக் கம்பளத்தின் ஒரு மூலையில் கையை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாப் பிள்ளைகளும் எழுத, இந்தப் பிள்ளை நான் எடுத்துத் தருவேனென்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் விடிய நித்திரையால் எழும்பி, சாப்பாடு கட்டி, தலை பின்னி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

மிஸ் கானரின் மேசையில் இருந்த கொப்பியை இரண்டு கையாலும் எடுத்தேன். கண்ணில் ஒற்றினேன். அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள், பார்க்கட்டும் என்று விட்டேன். "இந்தா பிள்ளை. எழுது" என்று யோகாவிடம் நீட்டினேன். அவளும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கடைசியாக எழுதியிருந்த பக்கத்தை முதலில் சத்தமாக வாசித்தாள், முறை அதுதானே. பிறகு கம்பளத்தில் குப்புறப் படுத்து எழுதத் தொடங்கினாள்.

செவ்வாய் என்று தலைப்புப் போட்டாள். பின்னங்கால் இரண்டும் வந்துவிட்டன. புதன், வால் கட்டையாகிறது. வியாழன், பெரியது தண்ணீருக்கு மேலே மூக்கை நீட்டுகிறது. எழுதாத நாட்களெல்லாம் அவள் தொட்டியைப் பார்த்துத்தான் இருந்திருக்கிறாள். யாரையும் பார்த்து எழுதவில்லை, அந்த அறையில் அப்போது வேறு பிள்ளையே இல்லை. நானும் மிஸ் கானரும் இரண்டு பக்கமும் குனிந்து நின்று வாசித்தோம். வெள்ளி: ஒன்று செத்துப்போனது. மிஸ் கானர் அதை யன்னலால் எறிந்துவிட்டு அது ஒளிந்துகொண்டிருக்கிறது என்று சொன்னார்.

மிஸ் கானர் நிமிர்ந்தாள். காதுவரை சிவந்திருந்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"சரி" என்றாள். "அவள் திங்கட்கிழமை பின்னறைக்குப் போக வேண்டாம். பட்டியலையும் நான் மாற்றுகிறேன். ஆனால் இன்னொரு தடவை இப்படி ஏதும் இருந்தால் எனக்கு எழுதி அனுப்புங்கள். சிரிக்கமாட்டேன்."

"அனுப்புகிறேன்" என்றேன். நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை.

நான் போக வேண்டியதுதான். ஆனால் மிஸ் கானர் திரும்பக் குனிந்து கொப்பியைப் பார்த்தாள். எழுத்து வரவரச் சரிந்துகொண்டு போனது. முன்பக்கங்களில் உள்ள குண்டு எழுத்துகள் மாதிரி இல்லை. யோகா பென்சிலை இரண்டு விரலால் மட்டும் இடுக்கிப் பிடித்திருந்தாள், மற்ற விரல்கள் மடியவில்லை.

"கையைக் காட்டு" என்றாள் மிஸ் கானர். யோகா காட்டவில்லை. அவளே பிடித்துத் திருப்பினாள். இரண்டு மொளியும் நீலமாக வீங்கியிருந்தன. "இது என்ன?"

"படியில் தடுக்கி விழுந்துவிட்டேன்" என்றாள் யோகா. ஒரு தடக்கலும் இல்லாத ஆங்கிலம். "இன்று காலை. நான்தான் ஓடினேன். அம்மா ஓடாதே என்று சொன்னவர்."

என் பிள்ளை அவ்வளவு வேகமாக, அவ்வளவு நேராகக் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்லும் என்று எனக்கு அதுவரை தெரியாது. வெளியே மணி அடித்தது. பிள்ளைகள் கதவை நோக்கி ஓடிவருகிற சத்தம் கேட்டது. மிஸ் கானர் யோகாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவள் விழவில்லை" என்றேன். "நான்தான் அடித்தேன்."

"எதற்காக?" என்று கேட்டாள்.

"எழுதாததற்காக" என்றேன்.