இருபத்து நான்கு வயதுச் சக்களத்தி

லிப்ட் மெக்கானிக்குக்கு ஐம்பத்துமூன்று வயதில் முழங்கால் போனது. கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கியவரைப் புகார் பிரிவில் போன் எடுக்க உட்கார வைத்தது. "லிப்ட் நாலாவது மாடியில நிக்குது சார்" என்று யாராவது கூப்பிட்டால், விலாசத்தை எழுதிக்கொண்டு வேறு ஆளை அனுப்ப வேண்டும். ஒரு போனுக்கும் அடுத்த போனுக்கும் நடுவே யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. அதுதான் வினையாகிப் போனது.

அவருடைய மனைவி ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிவிட்டு வருவதால் வீட்டில் பேச்சுக் குறைவு. ஒரே மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது.

"கல்யாணமான புதுசுல குடியிருந்தோமே, அந்த மூணாவது மாடி வீடு, ஞாபகம் இருக்கா?" என்று ஒருநாள் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

இருந்தது. ஒற்றை அறை, நடுவில் ஒரு திரை. இந்தப் பக்கம் கட்டில், அந்தப் பக்கம் அடுப்பு. லிப்ட் பார்க்கிறவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிப்ட் இல்லை என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள். அதைச் சொல்லி இருவரும் சிரித்தார்கள்.

மறுநாளும் அந்த வீட்டைப் பற்றியே பேசினார். அதற்கு மறுநாளும். "அப்பல்லாம் நீ சிரிச்சா பக்கத்து வீட்டுக்காரங்க சுவத்தத் தட்டுவாங்க." "படியில என் செருப்புச் சத்தம் கேட்டாப் போதும், கதவத் திறந்துட்டு நிப்ப." முதலில் அவளுக்கும் கேட்க இதமாகத்தான் இருந்தது. ஒரு மாதம் போன பிறகு ஒன்றைக் கவனித்தாள். அந்த மூன்றாவது மாடிப் பெண்ணைப் பற்றிப் பேசும்போது அவர் முகம் மலர்கிறது. பேசி முடித்து நிமிர்ந்து இவளைப் பார்க்கும்போது, வீடு மாறி வந்துவிட்டவர் போல விழிக்கிறார்.

"எங்க வீட்டுக்காரருக்கு வேற ஒருத்தி இருக்கா" என்று ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கும் நர்ஸிடம் சொன்னாள்.

நர்ஸ் பதறிப்போனாள். "என்னக்கா சொல்றீங்க? யாரு?"

"நான்தான். இருபத்து நாலு வயசு நான். வேற எவளாவது இருந்தா முடியப் பிடிச்சு நாலு கேள்வி கேக்கலாம். இந்தச் சக்களத்திய என்ன பண்றது?"

நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். இவளும் சிரித்தாள். வலிக்கவில்லை. மரத்துப்போன காலில் கிள்ளுகிற மாதிரி இருந்தது.

பிறகு ஒருநாள் அவர் பரபரப்பாக வந்தார். அந்த வீடு காலியாக இருக்கிறதாம். "ஞாயித்துக்கிழம சாவியோட வரேன்னு புரோக்கரம்மா சொல்லிருக்காங்க. சும்மா பாத்துட்டு வரலாம்."

மறுத்தால் போய்வருவதைவிட அதிகம் பேச வேண்டியிருக்கும் என்பதால் கிளம்பினாள்.

ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று முழங்காலைத் தடவிக்கொண்டு அவர் மூன்று மாடி ஏறினார். அறையில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். புரோக்கரம்மா ஜன்னலைத் திறந்துவிட்டு, "புதுசா கல்யாணமானவங்களுக்கு ஏத்த வீடு. பையனுக்குப் பாக்கறீங்களா, பொண்ணுக்கா?" என்றாள்.

"எங்களுக்குத்தான்" என்றார் அவர்.

மனைவி திரும்பிப் பார்த்தாள். புரோக்கரம்மாவுக்கு போன் வந்தது, வெளியே போய்விட்டாள்.

"நம்ம ரெண்டு பேருக்கு இப்ப இருக்கற அவ்வளவு பெரிய வீடு எதுக்கு? இங்க வந்துட்டா பழையபடி இருக்கலாம்ல?"

ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் குளியலறைக் குழாய்கள் தெரிந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே, யாருடைய ரிப்போர்ட்டையோ வாசிக்கிற குரலில் அவள் சொன்னாள்: "இந்த வீட்ல நான் ரெண்டு தடவ பெட்டி கட்டினேங்க. உங்கள விட்டுட்டுப் போயிடலாம்னு."

விளையாடுகிறாள் என்று நினைத்துப் பாதி சிரித்தார். பாதியிலேயே சிரிப்பு நின்றது. "நான் என்ன பண்ணேன்? குடிச்சேனா, அடிச்சேனா?"

"ஒண்ணும் பண்ணல. காலைல போவீங்க, ராத்திரி கிரீஸ் கையோட வருவீங்க. எந்த லிப்ட்ல என்ன கோளாறுன்னு சொல்லுவீங்க, தூங்கிடுவீங்க. நீ என்ன பண்ணேன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல. எனக்கு அப்ப வேலையும் இல்ல. பகல் பூரா இந்த ஜன்னல்தான்."

"சிரிப்பியே."

"உங்ககிட்ட அவ்வளவா பழக்கமில்ல. வேற என்ன செய்யறதுன்னு தெரியாது, சிரிச்சேன்."

"கதவத் திறந்துட்டு நிப்பியே?"

"நாள் பூரா ஒரு மனுஷ முகம் பாக்கலன்னா பால்காரருக்குக்கூட அப்படித்தான் திறப்பேன்."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். சட்டையில் சுண்ணாம்பு ஒட்டியது. "அப்புறம் ஏன் போகல?" என்றார்.

"மொத தடவ நீங்க காய்ச்சலோட வந்து படுத்துட்டீங்க. ரெண்டாவது தடவ... தெரியலங்க. மழ வர்ற மாதிரி இருந்துச்சு. துணிய எடுத்து மறுபடியும் அலமாரில வெச்சுட்டேன்."

கோபம் வரும் என்று அவர் காத்திருந்தார். வரவில்லை. அழுகையும் வரவில்லை. கரண்ட் போய் நின்றுவிட்ட லிப்டுக்குள் இருப்பது போல, மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் நின்றார்.

"பிடிச்சிருக்கா சார்?" என்று புரோக்கரம்மா உள்ளே வந்தாள்.

"யோசிச்சு சொல்றோம்மா."

இறங்கும்போது முழங்காலுக்காக அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் அடுத்தடுத்து உட்கார்ந்து வீடு வந்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் பழைய கதையே எடுக்கவில்லை. சக்களத்தியைத் துரத்தியாயிற்று, நிம்மதியாக இருக்கும் என்று இவள் நினைத்தாள். ஆனால் அவளோடு சேர்ந்து அவரும் எங்கோ போய்விட்டது போல வீடு கிடந்தது. "அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம்மா? சத்தத்தையே காணோம்" என்று மகள் போனில் கேட்டாள். "நல்லாத்தான் இருக்கார்" என்றாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம், அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவர் கேட்டார்: "இன்னிக்கு எத்தன பேருக்கு எக்ஸ்ரே எடுத்த?"

அவள் அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள். "முப்பத்தெட்டு."

"ஓ." அடுத்து என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த ஒரு கேள்வியைத்தான் தயார் செய்து வைத்திருந்தார் போல. மறுநாளும் அதையே கேட்டார். அதற்கு மறுநாளும்.

அவளுக்குச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஆனால் நான்காம் நாள் ஒரு குழந்தையின் படத்தைப் பார்த்தபோது, இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"ஒரு குழந்த கம்மல முழுங்கிடுச்சு. அதோட அம்மா ஒத்தக் காதுல கம்மலோட நிக்கறாங்க" என்று வீட்டில் ஆரம்பித்தாள். அவர் நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். பாதியில் நிறுத்தினாள்.

"சொல்லு, கேட்டுட்டுதான் இருக்கேன்" என்றார் கண்ணைத் திறக்காமல்.

நிஜமாகத்தான் கேட்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. மிச்சத்தையும் சொல்லி முடித்தாள்.