மெத்தை வியாபாரியின் கேள்வி

"கனம் அங்கத்தினர் மெத்தை வியாபாரம் செய்பவர்தானே?" என்று மந்திரி கேட்டதும் சபை முழுவதும் சிரித்தது. பின்வரிசைக்காரர்கள் மேஜையைத் தட்டினார்கள். அக்பர் பாஷா உட்காரவில்லை. சிரிப்பு ஓயட்டும் என்று காத்திருந்தார். கடையில் பேரம் பேச வருகிறவர்கள் கூச்சல் போட்டு முடிக்கும்வரை இப்படித்தான் நிற்பது அவர் வழக்கம்.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் அவருடைய கடை. கல்யாண மெத்தையிலிருந்து தொட்டில் மெத்தை வரை அந்த வட்டாரத்துக்கே அங்கிருந்துதான் போகும். முப்பதாம் வருஷத் தேர்தலில் பட்டணத்து முஸ்லிம்களுக்கென்று ஒதுக்கிய சட்டசபை இடத்துக்கு நின்றார். எதிர்த்து நின்றவர் பாரிஸ்டர், சீமைக்குப் போய் வந்தவர். ஆனால் அதற்கு முந்திய கோடையில் குடிசைகள் பற்றி எரிந்தபோது, கடையிலிருந்த அத்தனை மெத்தைகளையும் மைதானத்தில் விரித்துக் குழந்தைகளைப் படுக்கவைத்தது யார் என்று ஊருக்குத் தெரியும். பாரிஸ்டர் தோற்றார்.

இன்றைக்கு அவர் கேட்ட கேள்வி சர்க்கார் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் கட்டிலும் மெத்தையும் ஏன் இல்லை என்பது. அவரிடம் பஞ்சு அடிக்கும் பீர் முஹம்மதுவின் மனைவி மார்கழிப் பனியில் அங்கேதான் பிள்ளை பெற்றாள். கட்டில் இல்லை, கல்தரையில் ஒரு பாய். ஜன்னி கண்டு, பிள்ளையின் முகத்தைச் சரியாகப் பார்க்காமலே போய்விட்டாள். அடக்கம் முடித்துத் திரும்பிய பீர் முஹம்மது, என்ன செய்வதென்று தெரியாமல் பஞ்சடிக்கும் வில்லை எடுத்து மறுபடி வேலைக்கு உட்கார்ந்தான். அக்பர் பாஷாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

சிரிப்பு அடங்கியது.

"ஆமாங்க, நான் மெத்தை வியாபாரிதான்," என்றார், மற்றவர்கள் போல இங்கிலீஷில் பேசாமல் தமிழிலேயே. "அதனால ஒண்ணு சொல்லிடறேன். அந்த ஆஸ்பத்திரிக்கு என் கடையிலேர்ந்து ஒரு தலகாணிகூட வராது. காண்ட்ராக்டை யாருக்கு வேணும்னாலும் குடுங்க. புள்ள பெத்தவ தரையில படுக்கக் கூடாது. எப்ப கட்டிலு, எப்ப மெத்தை? அத்த மட்டும் சொல்லுங்க."

இந்த முறை யாரும் மேஜையைத் தட்டவில்லை. மந்திரி காகிதங்களைப் புரட்டினார். அடுத்த பட்ஜெட்டில் ஏற்பாடு செய்வதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

டிராமில் வீடு திரும்பும்போது, பட்டணமே தோளில் கை போட்டுக்கொண்டு கூட வருவது போலிருந்தது அவருக்கு.

செய்தி அவருக்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்திருந்தது. கடையில் ஆள், சரக்கு எல்லாமே மனைவி ஹமீதுன்னிசாவின் பொறுப்பு. ஆஸ்பத்திரி காண்ட்ராக்ட் கிடைத்தால் பக்கத்துக் கடையையும் சேர்த்துப் பிடித்துவிடலாம் என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள்.

"யாரக் கேட்டுக்கினு வேணாம்னு சொன்னீங்க?"

"யாரையும் கேக்கல."

தண்ணீர்ச் செம்பை அவர் முன்னால் வைத்தாள். "என்னக் கேட்டிருந்தா நானும் அதத்தான் சொல்லிருப்பேன். ஆனா கேட்டிருக்கணும்."

மந்திரிக்கு எதிரே நிமிர்ந்து நின்றவர், செம்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பட்ஜெட் வந்தது. காண்ட்ராக்ட் சவுகார்பேட்டை சேட்டு ஒருவருக்குப் போயிற்று. பின்னாலேயே பீர் முஹம்மதுவும் அவரிடமே வேலைக்குப் போனான்.

"கோச்சுக்காதீங்க பாய். அங்க வேல நெறய கீது. புள்ளய வளக்கணுமில்ல?"

"போய்ட்டு வாப்பா," என்றார் அக்பர் பாஷா.

சரக்கு வந்து இறங்கும் நாளில் கணவனும் மனைவியும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வண்டியிலிருந்து மெத்தைகளைத் தோளில் சுமந்து இறக்கிக்கொண்டிருந்தான் பீர் முஹம்மது. அக்பர் பாஷா ஒன்றில் உள்ளங்கையை அழுத்தினார். பஞ்சு அமுங்கி, உடனே எழும்பிற்று.

"நானே அடிச்சது பாய். பழம்பஞ்சு கலக்கச் சொன்னாரு சேட்டு. முடியாதுன்னுட்டேன்."

"உட்டுட்டாரா?"

"ஒங்க பேரச் சொன்னேன். சட்டசபையில அடுத்த கேள்வி இதுதான்னேன்."

அக்பர் பாஷா வாய்விட்டுச் சிரித்தார்.

வார்டுக்குள் ஆண்கள் போகக் கூடாது. ஹமீதுன்னிசா மட்டும் போனாள். காற்றில் வாசல் திரை ஒரு கணம் விலகியது. புது மெத்தை போட்ட கட்டில் ஒன்றிலிருந்து, அசந்து தூங்கும் ஒருத்தியின் கை தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டுவரை சரிந்திருந்தன. விரல்கள் தரைக்கு எட்டவில்லை. பீர் முஹம்மது தோளிலிருந்த மெத்தையை இறக்காமல், திரை மறுபடி மூடிய பிறகும் அங்கேயே நின்றான்.