பச்சை மைக் கையெழுத்து

உறையின் மேல் இருந்த அரக்கு முத்திரை இரண்டாகப் பிளந்திருந்தது. மறுபடி பசை தடவி, அழகாக, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்தார்கள். கரியாலூரில் புதன்கிழமைப் பல் முகாமை முடித்துவிட்டு, மலைப் பஸ்ஸில் குலுங்கிக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி, அங்கே பஸ் மாறி எலவனாசூர்கோட்டை வீட்டுக்குள் நுழைந்த ஆனந்தமேரி, கையிலிருந்த கறுப்பு ரெக்சின் பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் மேசை முன்னால் நின்றாள். மெட்ராஸில் தான் படித்த கல்லூரியில் மூன்று நாள் நடையாய் நடந்து வாங்கிவந்த உறை அது. உள்ளே அவளுடைய பல் மருத்துவப் படிப்பின் மதிப்பெண்கள் மொத்தமும் இருந்தன. மடிப்பின் குறுக்கே முதல்வரின் கையெழுத்து, அதன் மேல் அரக்கு. அமெரிக்காவில் இருக்கிற பல்கலைக்கழகம்தான் அதைப் பிரிக்க வேண்டும், வழியில் யார் பிரித்தாலும் செல்லாது என்று விண்ணப்பத்தில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார்கள்.

"இன்னாப்பா இது? யாரு பிரிச்சது?"

சிங்கராயர் வாத்தியார் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். ரிட்டயராகி இரண்டு வருஷம் ஆன அப்பா. "நான்தாம்மா. உள்ள பாத்தா ஒரு தாள்லகூட அட்டெஸ்டேஷன் இல்ல. அப்பிடியே அனுப்பியிருந்தா இன்னாத்துக்கு ஆவறது? பொன்னுரங்கம் இருக்கான்ல, எங்கிட்ட படிச்சவன், அக்ரி ஆபீசரு. ரிஷிவந்தியம் வரைக்கும் சைக்கிள்லயே போயி, ஏழு தாளுக்கும் பச்ச இங்க்ல கையெழுத்து, ரவுண்டு சீலு எல்லாம் வாங்கியாந்துட்டேன்."

என்னத்தைச் சொல்ல? அந்த மனிதரின் ஆயுசில் பச்சை மை இல்லாத காகிதத்தை எந்த ஆபீசும் தொட்டுப் பார்த்ததில்லை. தன் வேலைக்கு, ரேஷன் கார்டுக்கு, பிற்படுத்தப்பட்டோர் கோட்டாவில் மகளுக்குக் கிடைத்த சீட்டுக்கு என்று எத்தனையோ ஆபீசர்களின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவர். கடைசியில் கல்லூரி முதல்வரின் கையெழுத்துக்கே நெல்லுக்கும் கரும்புக்கும் யோசனை சொல்கிற அதிகாரியைச் சாட்சிக்கு இழுத்துவிட்டார்! வேறொரு நாளாக இருந்தால் ஆனந்தமேரியே விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது பாவி மனுஷா என்று கத்த வாயெடுத்து, வெயிலில் கறுத்துப்போயிருந்த அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள். விஷயத்தைச் சொன்னதும் அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

மே மாதம்தான் கல்யாணம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை அமல் அமெரிக்காவில் இன்ஜினியர். நவம்பரில் அவள் போய்ச் சேர வேண்டும். இங்கே படித்த பல் டாக்டர் அங்கே டாக்டர் இல்லை என்பது தாலி ஏறுகிற வரைக்கும் யாருக்கும் தெரியாது, அமலுக்கும்தான். பிறகு விசாரித்து நீளமாக ஒரு கடிதம் போட்டிருந்தான். டாக்டர் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொள்ளலாமாம். கிளினிக்கில் போன் எடுக்கலாமாம். வேறு யாரோ செய்யச் சொன்ன பொய்ப்பல்லை லேப்பில் உட்கார்ந்து தேய்த்துக் கொடுக்கலாமாம். அதற்குக்கூட வேலை செய்யும் விசா முதலில் வேண்டுமாம். ஒரே ஒரு நல்ல வழிதான் இருந்தது. ஒரு பல்கலைக்கழகம் வெளிநாட்டில் படித்தவர்களை இரண்டு வருஷம் மறுபடி படிக்க வைத்து டாக்டராக்குகிறது. அக்டோபர் முதல் தேதிக்குள் எல்லாம் அங்கே இருக்க வேண்டும். 'இந்த வருஷம் விட்டால், அம்மா குழந்தை குழந்தை என்று கேட்கிறாள், அப்புறம் பார்க்கலாம்' என்று அமல் முடித்திருந்தான். நல்லவன்தான். ஆனால் அந்த 'அப்புறம்' எப்படிப்பட்ட அப்புறம் என்று அவளுக்குத் தெரியாதா? கூடப் படித்த இரண்டு பேர் அப்படிப் போனவர்கள்தான். கிறிஸ்துமஸ் கார்டில் குழந்தைகளின் போட்டோ வருகிறது, டாக்டர் என்ற சொல் வருவதில்லை.

தபாலை நம்ப முடியாது. அமலின் சிநேகிதர் காசிநாதன் சனிக்கிழமை மெட்ராஸிலிருந்து விமானம் ஏறுகிறார், கையோடு கொண்டுபோவதாகச் சொல்லியிருந்தார். வியாழன் விடிந்ததும் கிளம்பினால் வெள்ளிக்கிழமைக்குள் கல்லூரியில் காலில் விழுந்தாவது வேறு உறை வாங்கிவிடலாம் என்று ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டபடி படுத்திருந்தாள்.

வியாழன் விடிந்தது. இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று சுவரெல்லாம் எழுதியிருந்ததை அவளும் பார்த்திருந்தாள்தான். நாலு பஸ் நிற்கும், போலீஸ் வந்தால் போகும் என்று நினைத்திருந்தாள். ஒரு பஸ் வரவில்லை. ஒரு லாரி வரவில்லை. உளுந்தூர்பேட்டைப் பக்கமிருந்து கோடரிச் சத்தம்தான் வந்தது. வேறு பை தேடப் பொறுமையில்லாமல் முகாம் பையிலேயே காகிதங்களைத் திணித்தாள். உளுந்தூர்பேட்டை போய்ச் சேர்ந்தால் மெட்ராஸுக்கு ஏதாவது கிடைக்கும் என்று சிங்கராயர் சைக்கிளை எடுத்தார். அறுபது வயது மனிதர் மகளைப் பின்னால் வைத்து மிதித்தார். முதல் மைல் தாண்டுவதற்குள் அவருக்கு மூச்சு விசிலடித்தது. இறங்கி நடக்கிறேன் என்று அவள் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

மூன்றாவது மைலில் ரோட்டுக்குக் குறுக்கே பெரிய புளியமரம் இலையும் காயுமாகச் சாய்ந்து கிடந்தது. அதற்கு முன்னால் முப்பது நாற்பது பேர்.

"சாவுக்கும் புள்ளப்பேறுக்கும்தாங்க வழி," என்றான் தோளில் துண்டும் கையில் அரிவாளுமாக நின்ற தங்கமணி. அந்தக் கூட்டத்துக்கு அவன்தான் தலைவன் போலிருந்தது. "மத்தவங்க திரும்பிப் போயிடுங்க. உங்க மேல கோவம் இல்ல சார்."

சிங்கராயர் கையெடுத்துக் கும்பிட்டார். "எம் பொண்ணு டாக்டருப்பா. அவசரம்."

"டாக்டரா?" பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்து ஓடிவந்தாள். "அம்மா, எங்கூட்டுக்காரர கொஞ்சம் பாரும்மா. நாலு நாளா சோறு தண்ணி எறங்கல. நேத்துலேர்ந்து வாயே தொறக்க வரல."

அமிர்தம் என்ற அந்தப் பெண் காட்டிய வேப்பமரத்தடியில் சின்னராசு சுருண்டு படுத்திருந்தான். தாடையின் இடது பக்கம் வீங்கி, வீக்கம் கழுத்தை நோக்கி இறங்க ஆரம்பித்திருந்தது. தொட்டால் அனலாகக் கொதித்தது. கடைவாய்ப்பல்லில் சீழ். இன்னும் ஒரு நாள் விட்டால் மூச்சுக்குழாயை நெரித்துவிடும் என்று ஆனந்தமேரிக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. தெரிந்தும் அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"பாக்கறேன். பாத்தா என்னை அந்தப் பக்கம் வுடுவீங்களா?"

சிங்கராயர் தலையைத் திருப்பிக்கொண்டார். சொன்ன பிறகுதான் அவளுக்கே உடம்பு கூசியது. உயிருக்குப் பேரம் பேசுகிறாயே, நீயெல்லாம் டாக்டரா என்று உள்ளே யாரோ காறித் துப்பினார்கள். தங்கமணி அரிவாளைத் தாழ்த்தினான்.

"வுடறோம்மா. நீ பாரு. எங்கூட்டுப் பொண்ணும் ஒன்னாட்டம் டாக்டருக்குப் படிக்கணும்னுதான் இந்த மரத்த வெட்டிக்கினு கெடக்கறோம்."

அவள் வெந்நீர் கேட்டாள். யாரோ வீட்டிலிருந்து வெந்நீர் கொண்டுவந்தார்கள். பைக்குள் மலைக்குக் கொண்டுபோன ஊசி, மருந்து, குறடு எல்லாம் அப்படியே இருந்தன. அப்பா சின்னராசுவின் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். மரத்துப்போகும் ஊசியைப் போட்டுக் காத்திருந்து, வாயை விரற்கடை விரற்கடையாகத் திறக்க வைத்தாள். ஆடிக்கொண்டிருந்த பல்லைக் குறட்டால் பிடித்ததும் அவளுக்கு மெட்ராஸ் மறந்தது, சனிக்கிழமை மறந்தது. மணிக்கட்டைச் சற்றே வெளிப்பக்கம் சாய்த்து, உள்ளே சாய்த்து, வேர் இளகுவதை விரலில் கேட்டு, ஒரே இழுப்பு. சீழும் ரத்தமும் குபுக்கென்று வந்தன. நாற்றத்தில் சுற்றி நின்றவர்கள் விலகினார்கள். அவள் விலகவில்லை. ஈறை அழுத்தி அழுத்தி எல்லாவற்றையும் வெளியேற்றினாள். சின்னராசு நாலு நாளில் முதல் தடவையாக எச்சிலை விழுங்கினான். விழுங்கிவிட்டு, குழந்தை மாதிரி அழுதான்.

மாத்திரைகளை எண்ணிக் கொடுத்து, மூன்று வேளை, மறந்துடாதே, நாளைக்கு வீக்கம் வடியலைன்னா தோளில் தூக்கியாவது கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போயிடணும் என்று அமிர்தத்திடம் இரண்டு தடவை சொன்னாள். பத்துப் பேர் சேர்ந்து கிளைகளை வெட்டிச் சைக்கிள் நுழைகிற அளவுக்கு வழி பண்ணினார்கள்.

"அந்தாண்ட போங்க," என்றான் தங்கமணி. பிறகு அரிவாளைத் தரையில் ஊன்றிக்கொண்டு, சங்கடத்தோடு சொன்னான். "அடுத்த மரம் எங்க ஆளுங்க இல்லீங்க. அவங்க வுடுவாங்களான்னு சொல்ல முடியாது. உளுந்தூர்பேட்டை போறதுக்குள்ள நாப்பது மரத்துக்கு ஜாஸ்தி உழுந்து கெடக்குதாம். அதுக்கப்புறம் மெட்ராஸ் ரோடும் இதே கதிதான்."

ஆனந்தமேரி ரோட்டோரம் குந்தினாள். அமிர்தம் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவள் கைகளில் ஊற்றினாள். விரல் இடுக்கிலிருந்து ரத்தம் கரைந்து புழுதியில் ஓடியது.

"அமெரிக்கா போறியாமே? அய்யா சொன்னாரு. இவ்ளோ நல்லா கை வெக்கிறியே தாயி, அங்க ஒனக்கு இன்னும் பெரிய ஆஸ்பத்திரியா குடுப்பாங்க, இல்ல?"

"இல்லக்கா. அங்க யார் வாயிலயும் கை வெக்க என்னை வுட மாட்டாங்க."

அமிர்தத்துக்கு விளங்கவில்லை. தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப எதுக்கு தாயி போற?"

சொம்பில் தண்ணீர் தீர்ந்திருந்தது. ஆனந்தமேரி இரண்டு கைகளையும் நீட்டியபடியே இருந்தாள். மரத்துக்கு அந்தப் பக்கம் சிங்கராயர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் நின்றார்.