சின்னம்மை கைதட்டாத படம்

தேவர்சோலை லெஸ்லி கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்த படத்திலிருந்து, நாயகனிடம் அடிவாங்குகிற இருபத்தேழு அடியாட்களும் இறங்கி வந்து தட்டான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கச் சேர்ந்தது, பச்சைக் கொழுந்து கிலோ நாலு ரூபாய்க்கும் கீழே போன வருடத்தின் ஆடி மாதத்தில். மொத்தமாக வரவில்லை. முதலில் ஒருவன் வந்தான், அப்புறம் இரண்டு மூன்று பேராக வந்தார்கள், ஆவணி பிறப்பதற்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். அவர்கள் வந்ததற்குக் காரணம் ஐந்தாம் லயத்துச் சின்னம்மை. அந்தப் படம் பிடிக்காமல் போன ஒரே ஆள் இந்த மலையில் அவள்தான்.

அந்தப் படம் பிடிக்காமல் போவது அப்போது லேசான காரியமில்லை. தோட்டத்து ஃபேக்டரி மூடி ஏழு மாதம் ஆகியிருந்தது. ஜீப்பில் ஊட்டிக்குப் போன மானேஜர் திரும்பவில்லை. லயத்து வரிசை வீடுகளின் இளவட்டங்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களுக்கு ரேஷன் அரிசிக் கஞ்சியும் பாலில்லாத சாயத் தேத்தண்ணியும்தான். அப்படிப்பட்ட நேரத்தில் ஒருத்தன் திரையில் நின்று எல்லோருக்குமாகச் சேர்த்து அடிக்கிறான் என்றால் ஜனங்களுக்கு அதுவே பாதி வயிறு நிறைந்த மாதிரி. ஓவேலியிலிருந்து ஜீப் பேசிக்கொண்டு வந்தார்கள். படுகர் ஊர்ப் பெரியவர்கள் வெள்ளைப் போர்வையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். மலையாளக் கடைக்காரர்கள் மத்தியானக் காட்சிக்காகக் கடையைச் சாத்தினார்கள். கொட்டகை முதலாளி லெஸ்லி, பெஞ்சு போதாமல் பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிப் போட்டார். இதை எழுதுகிறவனும் நான்கு முறை பார்த்து நான்கு முறையும் விசிலடித்தவன்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது.

சின்னம்மையின் புருஷன் பரமசிவன் தோட்டத்து ரசிகர் மன்றத்தின் செயலாளர். பத்தொன்பது முறை பார்த்திருந்தான். இருபதாவது முறை பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு போனான், அதுதான் வினை. இடைவேளைக்கு முன்னால் செங்கல்சூளையில் ஒரு சண்டை வரும். இருபத்தேழு பேர் நாயகனைச் சுற்றி வளைத்து, மற்றவர்கள் கால் மாற்றி ஆடிக்கொண்டு நிற்க, ஒருவன் பின் ஒருவனாகப் போய் அடிவாங்கி விழுவார்கள். அவன் கறுப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்ற மாட்டான். கொட்டகை முழுக்க பெஞ்சின்மேல் ஏறி நின்று விசிலடித்தது. சின்னம்மை மட்டும் உட்கார்ந்தபடியே விழுகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். விசில் சத்தம் சற்று ஓய்ந்த நேரத்தில், பக்கத்து அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லுகிற குரலில் சொன்னாள்: "அந்தப் பச்சச் சட்டக்காரனுக்குக் காலு மடங்கிருச்சு. யாருமே பாக்கலியா?"

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. பரமசிவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். வெளியே வந்ததும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்து ஆயா மெட்டில்டா ஆசையோடு ஓடிவந்து படம் எப்படி என்று கேட்டாள். "நல்லால்ல," என்றாள் சின்னம்மை. அவ்வளவுதான். மறுநாள் குழாயடியில் அவள் குடத்துக்கு இடம் கிடைக்கவில்லை. பரமசிவன் நான்கு நாள் தட்டை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து தின்றான். கணக்குப்பிள்ளை ஜெகதீசன் கூடலூர் டாக்டரிடம் ஒருதரம் காட்டிவிட்டு வரலாமே என்று நிஜமான அக்கறையோடு சொன்னார். சும்மா ஒரு பேச்சுக்கு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று எல்லோரும் கெஞ்சினார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்று பழமொழியே இருக்கிறதே. அவள் சொல்லவில்லை. யாருக்கும் நஷ்டமில்லாத ஒரு சின்னப் பொய்யைச் சொல்லாமல் இருப்பதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும்; எங்களில் ஒருவருக்கும் அது இல்லை என்பதை அப்போது நாங்கள் அறிந்திருக்கவில்லை.

காரணத்தை அவள் யாரிடமும் சொன்னதுமில்லை. எழுபத்தேழாம் வருடக் கலவரத்தில், இலங்கையில் கம்பளைப் பக்கத்துக் கடைவீதி ஒன்றில், அவள் தம்பி இசக்கிமுத்துவைக் கும்பல் அடித்தது. இருபது வயது. சீனி வாங்கப் போனவன், திரும்பி வரவில்லை. சுற்றி நின்று பார்த்தவர்களில் சிலர் விசிலடித்தார்கள். மறு வருடம் மற்றவர்களோடு ஒரு தகரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலேறி இந்த மலைக்கு வந்தவள், அந்தப் பெயரை அதற்குப் பிறகு வாயால் உச்சரிக்கவில்லை. பரமசிவனுக்குத் தெரியும். ஆனால் இருபத்து மூன்று வருடத்தில் மறந்துபோயிருந்தான், எல்லோரும் மறப்பது போலத்தான்.

அந்த ஆடியில்தான் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. காடாகிப்போன நாற்பது ஏக்கரையும் கார்த்திகைக் கடைசிக்குள் கவாத்து வெட்டிக் கொழுந்து எடுக்கும் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதிகாரி வருகிற அன்று காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் நாற்பது ஆள் நிற்க வேண்டும். இல்லையென்றால் தோட்டம் கைவிடப்பட்டதாக எழுதி, லயங்களைக் காலி செய்ய வேண்டும். லயத்தில் வேலை செய்யக்கூடியவர்கள் பதின்மூன்று பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். ஜெகதீசன் கடிதத்தை இரண்டு முறை வாசித்துக் காட்டினார். எல்லோரும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்கள். சின்னம்மை மட்டும், "ரெண்டாந்தடவ பெட்டி கட்ட மாட்டேன்," என்று சொல்லிவிட்டு, கவாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு தனியாக மலையேறினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, பச்சைச் சட்டை போட்ட ஒருவன் நொண்டி நொண்டி ஐந்தாம் லயத்துக்கு வந்து, சுடுதண்ணீர் கிடைக்குமா என்று கேட்டான். பரமசிவன் பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொண்டான். "மூணாவதா விழுறவன்," என்றான். இருபது முறை பார்த்தவன் சொன்னால் தப்பாக இருக்காது. சின்னம்மை ஆளை உட்காரவைத்து நல்லெண்ணெய் காய்ச்சிக் காலில் தடவிவிட்டுப் பேரென்ன என்று கேட்டாள்.

"படத்துல எங்களுக்குப் பேரு எழுதிக் குடுக்கலீங்க," என்றான் அவன். "நீங்க ஒருத்தருதான் பாத்தீங்க. அதான் வந்தேன்."

அவன் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். மீசைக்காரர்கள், மொட்டைத் தலையர்கள், கழுத்தில் சங்கிலி போட்டவர்கள். ஒருவருக்கும் பெயர் கிடையாது. பெயரில்லாதவனைப் பெரட்டில் கூப்பிட முடியாது என்று ஜெகதீசன் கையை விரித்தார். சின்னம்மை ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்துப் பெயர் வைத்தாள். எல்லாம் இலங்கையில் அவள் பிறந்த லயத்து ஆட்களின் பெயர்கள், கப்பலேறாமல் அங்கேயே நின்றுவிட்டவர்களும் செத்துப்போனவர்களும். ஆறரை அடி உயரத்துக்காரன் முனியசாமி ஆனான். தழும்புக் கன்னத்துக்காரன் தனசிங் ஆனான். பச்சைச் சட்டைக்காரனுக்கு மட்டும் அவள் ஒன்றும் வைக்கவில்லை. அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாள்.

முதல் நாள் மலையில் வேடிக்கையாக இருந்தது. ஒருவன் செடியருகே போய்க் கிள்ளுவான், மற்ற எல்லோரும் வட்டம் கட்டிக் கால் மாற்றி ஆடிக்கொண்டு நிற்பார்கள். அவன் முடித்த பிறகுதான் அடுத்தவன் போவான். ஏன் என்று கேட்டால், "அவரு முடிக்கட்டும்னு நிக்கிறோங்க," என்றான் முனியசாமி பணிவாக. "இப்புடி ஒருத்தன் ஒருத்தனா வந்தா கார்த்திகைக்கு மலை முடியாதுப்பா. நெர புடிங்க," என்று சின்னம்மை ஆளுக்கொரு செடி வரிசையைக் காட்டி நிறுத்தினாள். சேர்ந்து நிற்க அவர்களுக்கு ஒன்பது நாள் பிடித்தது. ஆனால் கை மட்டும் அற்புதமான கை. வலிக்காமல் அடிக்கவும் உடையாமல் விழவும் காலமெல்லாம் பழகிய கைகள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளும்போது செடிக்கே தெரியாது. முற்றிய இலை ஒன்று கூடையில் விழவில்லை. பத்து வயதில் மலையேறிய பெண்கள்கூட நின்று பார்த்தார்கள். புரட்டாசியில் குழாயடியில் சின்னம்மை குடத்துக்கு இடம் கிடைத்தது.

இதற்கிடையில் கொட்டகையில் செங்கல்சூளைச் சண்டையில் நாயகன் தனியாகவே நின்று காற்றை அடித்துக்கொண்டிருந்தான். டிஷ்யூம் சத்தம் வரும், செங்கல் சரியும், விழ மட்டும் ஆளில்லை. பார்த்தவர்களில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதே இடத்தில் பெஞ்சேறி அதே விசிலை அடித்தார்கள். படம் ஓட்டுகிற வடிவேல்தான் கண்டுபிடித்துப் பதறிப்போய் முதலாளியிடம் ஓடினான். லெஸ்லி வந்து ஒரு காட்சி முழுக்கப் பார்த்தார். "கூட்டம் கொறஞ்சுதா?" என்று கேட்டார். இல்லை என்றான் வடிவேல். "அப்ப ஓட்டுடா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கஷ்டப்பட்டது நாயகன் ஒருவன்தான். அதிகாரி வருவதற்கு இரண்டு நாள் முன்னால், காலை ஏழு மணிக்கு, அவனே தோட்டத்துக்கு வந்துவிட்டான். மூடுபனி விலகி வழிவிட்டது. காற்றே இல்லாத இடத்தில் தலைமுடி பறந்தது. அவன் வைத்த ஒவ்வொரு அடிக்கும் எங்கிருந்தோ மேளம் கேட்டது. பெரட்டுக்களத்தில் வந்து நின்று, "என் ஆளுங்க எங்க?" என்றான். குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது.

கூடையோடு மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த இருபத்தேழு பேரும் அவனைக் கண்டதும் பழக்கதோஷத்தில் வட்டம் கட்டிவிட்டார்கள். கால் மாற்றி ஆடத் தொடங்கினார்கள். தனசிங் ஒரு அடி முன்னால் வைத்தான். ஒருவன் போனாலும் நாற்பது முப்பத்தொன்பதாகிவிடும், ஐந்து லயமும் போய்விடும். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். சின்னம்மை கத்தவில்லை. "நெர புடிங்கப்பா," என்றாள், தினமும் சொல்லுகிற மாதிரியே.

அவர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். தனசிங் காலைப் பின்னால் எடுத்தான். முதுகில் கூடையோடு ஒரே வரிசையாக நின்றார்கள். இருபத்தேழு பேர் சேர்ந்து நின்றால் என்ன செய்வது என்று நாயகனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. கையை ஓங்கியபடி அப்படியே நின்றான். அப்போது பரமசிவன் முன்னால் வந்தான். அந்த முகத்துக்காகத் தேங்காய் உடைத்தவன், கட் அவுட்டுக்குப் பாலூற்றியவன். கும்பிட்ட கையை இறக்காமலே சொன்னான்: "அண்ணே, இவங்களுக்கு இங்கன வேல இருக்குதுங்க. நீங்க வெறுங்காத்தையே அடிங்க. நாங்க எப்பயும் போலக் கை தட்டுறோம்."

சின்னம்மை நாயகனுக்கும் ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடிக்கும் மட்டும் பொறுத்திருந்து, "போறதுக்கு முன்ன அந்தப் பிள்ள கால ஒருக்காப் பாத்துட்டுப் போங்க," என்றாள். நாயகன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். உள்ளே இருந்தது சாதாரணக் கண், தூக்கமில்லாமல் சிவந்திருந்தது. குனிந்து பச்சைச் சட்டைக்காரனின் கணுக்காலைத் தொட்டுப் பார்த்தான்.

"பட்டுருச்சா?"

"பட்டுச்சுங்க."

நாயகன் கண்ணாடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்த வழியே இறங்கிப் போனான். சாயங்காலக் காட்சியில் நாயகன் வழக்கம் போலத் திரையில் இருந்தான். செங்கல்சூளையில் மட்டும் கொஞ்சம் மெதுவாக அடித்தான் என்று வடிவேல் சொன்னான்.

கார்த்திகைக் கடைசியில் அதிகாரி வந்து நாற்பது ஏக்கரையும் நடந்து பார்த்தார். குறை சொல்ல ஒரு செடி கிடைக்கவில்லை. பிறகு பெரட்டுக்களத்தில் ஜெகதீசன் பேர் கூப்பிட்டார். முப்பத்தொன்பது பேர் இருக்கேன் இருக்கேன் என்று குரல் கொடுத்தார்கள். நாற்பதாவது இடத்தில் ஜெகதீசனின் நோட்டு வெறுமையாக இருந்தது. இந்த ஆளுக்குப் பேரில்லையா என்று அதிகாரி கேட்டார். பேரில்லாதவனை ஆளாக எடுக்க முடியாது என்றார். பச்சைச் சட்டைக்காரன் சின்னம்மையைத் திரும்பிப் பார்த்தான். அவள் உதடு இரண்டு முறை அசைந்தது, சத்தம் வரவில்லை. மூன்றாவது முறை வந்தது.

"இசக்கிமுத்து."

ஜெகதீசன் எழுதிக்கொண்டார். பிறகு முறைப்படி, மலைமேல் நிற்கிறவனுக்கும் கேட்கிற குரலில், இசக்கிமுத்து என்று கூப்பிட்டார்.

"இருக்கேனுங்க," என்றான் அவன்.

சின்னம்மை அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள். அவ்வளவு சந்தோஷமாக ஒருத்தி அழுது நாங்கள் பார்த்ததில்லை. பரமசிவனுக்கு அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் கூடையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். அதிகாரி நாற்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப் ஏறினார்.

லயங்கள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. கொழுந்து விலை பிறகு ஒன்பது ரூபாய்க்கு ஏறியது, மறுபடி இறங்கியது. சின்னம்மைக்குப் பிடிக்காத படங்கள் வந்துகொண்டேதான் இருந்தன; பரமசிவன் கூப்பிட்டால் தட்டாமல் போவாள், பார்ப்பாள், நல்லால்ல என்று சொல்லுவாள், ஒருவரும் அவளோடு சண்டைக்கு நிற்பதில்லை. லெஸ்லி கொட்டகையில் சண்டைப் படம் மாற்றுகிற அன்று ஜெகதீசன் ஆளனுப்பி, விழுகிறவர்கள் எத்தனை பேர் என்று வடிவேலிடம் கேட்டுக்கொள்வார். அத்தனை கூடைகளைப் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, பெரட்டுக்களத்து வெயிலில் காயவைப்பார்.