மாஸ்டரின் ரோஸ் சோப்பு

சோப்பு மாஸ்டருக்குப் பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. வெளிர் ரோஸ், சாம்பல், சேற்றுப் பழுப்பு எல்லாம் அவர் கண்ணுக்கு ஒரே மங்கல்தான். இந்த விஷயம் அவர் மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும். கல்யாணமான புதிதில், அவள் செங்கல் நிறச் சால்வை ஒன்றைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள். "இந்தப் பச்சை உனக்கு எடுப்பா இருக்கு" என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, முன்பு வேலை பார்த்த அச்சகத்தில் மையை மாற்றிக் கலந்ததற்காகத் தன்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியே அனுப்பிய கதையைச் சொன்னார். "யார்கிட்டயும் மூச்சு விடாத. எங்க வீட்டுக்கே தெரியாது" என்றார். அவளும் மூச்சு விடவில்லை.

அவள் அதற்கு முன் தையற்கடையில் துணிக்கு ஏற்ற நூல் எடுத்துக் கொடுத்தவள். இரண்டு வெள்ளைத் துணியைக் காட்டினால், எது எந்த வெள்ளை என்று சொல்வாள். அதனால் வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையில் சோப்புத் தொழில் தொடங்கியபோது வேலை தானாகவே பிரிந்துகொண்டது. காஸ்டிக் சோடா அவர் பொறுப்பு. அதைத் தண்ணீரில் கொட்டி, கொதிக்கிற ஆவி அடங்கும்வரை அவளைக் கிட்டவே விடமாட்டார். எண்ணெயில் ஊற்றிக் கூழ்ப்பதம் வரும்வரை கடைவதும் அவர்தான். நிறம் மட்டும் அவளுடையது. "இங்க கொஞ்சம் வா" என்று அவர் குரல் கொடுத்தால், அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போய், எட்டிப் பார்த்து, காதோடு காதாகச் சொல்லிவிட்டு வருவாள்.

ஊரிலேயே பெரிய குளியல் சாமான் கடையின் முதலாளியம்மா ஒருநாள் ஆள் அனுப்பினார். செயற்கைச் சாயம் எதுவும் கலக்காமல் வெளிர் ரோஸில் சோப்பு வேண்டுமாம். தருகிறோம் என்று மாஸ்டர் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். மண்டையை உடைத்துக்கொள்வது அவள் தலையில் விழுந்தது.

பீட்ரூட் சாற்றை ஊற்றிப் பார்த்தாள். கிண்ணத்தில் இருந்தவரை கண்ணைப் பறித்த சாறு, காஸ்டிக் பட்டதும் துருப்பிடித்த தண்ணீராகிவிட்டது. செம்பருத்திப் பொடி சாம்பலாகச் செத்தது. மஞ்சள் தூள் போட்டதும் ரத்தச் சிவப்பாகப் பொங்கி ஆசை காட்டியது. மறுநாள் கட்டியை அறுத்துப் பார்த்தால் வெறும் கடுகு நிறம். செம்மண்ணின் நிறம் நின்றது, ஆனால் அது ரோஸ் அல்ல, கூரை ஓட்டு நிறம். கடைசியில் நாட்டு மருந்துக் கடையில், சிவப்புச் சாயம் இறங்கும் மஞ்சிட்டி வேர் கிடைத்தது. அதை இடித்து, எண்ணெயில் போட்டு, சிறு தணலில் ஊறவைத்து, வடிகட்டிச் சேர்த்தாள். கட்டி மெல்ல மெல்லக் குழந்தையின் உள்ளங்கை நிறத்துக்கு வந்தது.

அதோடு விட்டுவிடவில்லை. ஒரு கட்டியின் பாதியைக் கறுப்புத் தாளால் சுற்றி ஜன்னலில் வைத்து, வெயிலில் வெளுக்கிறதா என்று பார்த்தாள். வெள்ளைத் துணியில் நுரைத்துக் கறை படிகிறதா என்று பார்த்தாள். ஒவ்வொரு சோதனைக் கட்டியையும், சோப்பு நன்றாக ஆறிய பிறகு, தன் முழங்கை மடிப்பில்தான் தேய்த்தாள். வேறு யார் கை கிடைக்கும்? அவற்றில் ஒன்றிரண்டு தோலைத் தடிக்கவைத்துத் திட்டுத்திட்டாகத் தழும்பை விட்டுவிட்டுப் போயிருந்தன.

மாதிரிக் கட்டி முதலாளியம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போனது. தானே கொட்டகையைப் பார்க்க வந்துவிட்டார். அவள் தட்டில் சோப்புகளை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"இந்தக் கலரை எப்படிப் பிடிச்சீங்க மாஸ்டர்? நாங்க எத்தனையோ பேர்கிட்ட கேட்டுட்டோம்."

"எல்லாம் நம்ம கண்ணுதான் மேடம்" என்றார் மாஸ்டர், வாயெல்லாம் பல்லாக. "கண்ணுல எண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்தேன்."

"வீட்டம்மாவும் கூட வேலை செய்வாங்களா?"

"இவளா? பாத்திரம் கழுவிக் கொடுப்பா."

அவள் முழங்கையை மடித்துக்கொண்டாள். முதலாளியம்மா போனபிறகு கேட்டாள்.

"பாத்திரம் கழுவுறவளா நான்?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். எனக்குக் கலர் தெரியாதுன்னு சொல்லச் சொல்றியா?"

"அதைச் சொல்ல வேணாம். இவளும் கூட இருந்து செஞ்சான்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமா?"

"நீ செஞ்சது என்னடி பெரிசா? கண்ணைத் திறந்தா எல்லாருக்கும் தெரியறது உனக்கும் தெரியுது. அதுக்குப் பேரு வேலையா?"

அன்றைக்குச் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், கேட்டதற்கு உம் கொட்டினாள். உள்ளே மட்டும் ஏதோ ஒன்று அறுந்து தொங்கியது.

முதலாளியம்மா கடையில் புதிதாகத் திறக்கப்போகிற பகுதிக்காகப் பெரிய அளவில் சோப்புக் கேட்டார்கள். வழக்கமான மருந்துக் கடையில் மஞ்சிட்டி தீர்ந்திருந்தது. வேறொருவனிடம் கிடைத்த பொடியை மாஸ்டர் மலிவென்று அள்ளி வந்து, அவள் வெளியே போயிருந்த சமயம் பார்த்துக் கலந்து ஊற்றியும் விட்டார். மறுநாள் அறுத்து அடுக்கிவிட்டு, "இங்க கொஞ்சம் வா" என்றார்.

போனாள். வரிசை வரிசையாக, மழைக்குப் பிறகு தெருவில் தேங்குகிற சேற்று நிறத்தில் கட்டிகள் கிடந்தன.

"ரோஸ்தானே?"

சொல்லியிருந்தால் வேறு கலவை போடக் காலம் இருந்தது. அது அவளுக்கும் தெரியும்.

"ரோஸ்தான்" என்றாள்.

கட்டிகள் ஆறி இறுகக் காத்திருந்த நாட்களில் தினமும் கொட்டகையைப் பெருக்கினாள். தினமும் அவற்றைப் பார்த்தாள். இன்று சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். எல்லாருக்கும் தெரியறது உனக்கும் தெரியுது என்ற பேச்சு நினைவுக்கு வரும். வாய் மூடிக்கொள்ளும். வெள்ளைத் தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கியதுகூட அவள்தான்.

திறப்பு நாளன்று பெட்டியைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று அவளையும் அழைத்துப் போனார். கடை நிறையக் கூட்டம். முதலாளியம்மா எல்லாரையும் கூப்பிட்டு, "இவர்தான் நம்ம சோப்பு மாஸ்டர்" என்றார். அவர் தலைகால் புரியாமல் ஒரு கட்டியை எடுத்து, எல்லார் முன்னாலும் தாளைப் பிரித்து உயர்த்திக் காட்டினார்.

"பாருங்க, ரோஜா இதழ் தோத்துப்போகும்."

முதலில் ஒரு விற்பனைப் பெண் களுக்கென்று சிரித்தாள். பிறகு இன்னொருத்தி.

"மாஸ்டர், வேற பெட்டியை மாத்தி எடுத்துட்டு வந்துட்டீங்களா? இது சேத்து நிறமால்ல இருக்கு" என்றார் முதலாளியம்மா.

"வெளிச்சம் சரியில்ல மேடம். நல்லாப் பாருங்க."

முதலாளியம்மா மேஜையிலிருந்து பழைய மாதிரிக் கட்டியை எடுத்து, அவர் கையில் இருந்ததோடு சேர்த்து வைத்தார். "இதுல எது ரோஸ், நீங்களே சொல்லுங்க."

மாஸ்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கூட்டம் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தது. அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது. அவர் சட்டென்று திரும்பினார்.

"இவகிட்ட கேளுங்க. கலர் பார்க்கிறது எல்லாம் இவதான். இவ கண்ணு தப்பாது." பிறகு அவளிடம், கெஞ்சுகிற குரலில், "நீ சொல்லும்மா. இது ரோஸ்தானே?"

அவள் கேட்க ஏங்கிய வார்த்தை அது. இத்தனை பேர் முன்னால், அவர் வாயாலேயே வந்துவிட்டது.

"இல்லைங்க" என்றாள்.

திரும்பும் வழியில் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டார். தெருமுனை வந்ததும் கேட்டார்.

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

கத்துவார், கையை ஓங்குவார் என்று நினைத்தாள். அவரோ பெட்டியை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.

அதன்பிறகு மாஸ்டர் நிறம் போடாத வெள்ளைச் சோப்பு மட்டும்தான் செய்கிறார். ரோஸ் சோப்பு செய்து தரும்படி முதலாளியம்மா அவளுக்குத் தனியாகச் சொல்லி அனுப்பினார். அவள் காஸ்டிக் கலக்கத் தானே கற்றுக்கொண்டு, கொட்டகையின் மறு மூலையில் ரோஸ் சோப்பு ஊற்றுகிறாள். கடையில் அதற்கு நல்ல பெயர். ஒரே தராசு, ஒரே அடுப்பு. ஒருவர் முடித்தபிறகுதான் மற்றவர் தொடுவார்.

போன வாரம் அவள் காய்கறிக் கடைக்குப் போனபோது, மாஸ்டர் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். இரண்டு தக்காளிகளைக் கடைக்காரனிடம் நீட்டி, "தம்பி, இதுல எது பழுத்திருக்கு? எனக்குக் கலர் சரியாத் தெரியாது" என்று கேட்டார். அவள் பின்னால் நிற்பதைப் பார்த்தபிறகும், கடைக்காரன் சொல்வதற்காகவே காத்திருந்தார்.